உத்தியோக உயர்வும் வீட்டாரின் ஹக்கும்

 

ஆலிம்கள் எழுத வேண்டிய இந்தப் பக்கத்தில் இம்மாதம் ஒரு கடைக்காரன் எழுதுகிறேன். நான் ஓதியது ஊர் மதறஸாவில் சில ஆண்டுகள். பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சங்கக் காரியதரிசி அவர்கள், "கடையில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதும்" என்று விடாமல் கேட்டதால் எழுதத் துணிந்தேன். நடையில் குறை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்க்க விஷயத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், எழுதித் திருத்துங்கள்.

என் மூத்த சகோதரியின் மகன் ஒருவன் இருக்கிறான். வயது இருபத்தெட்டு. தகப்பனார் மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது. படித்துப் பட்டம் பெற்று, சைபர்ஜெயாவில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். கலியாணமாகி இரண்டு வருஷம், கையில் ஒரு பெண் குழந்தை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மஃரிபு தொழுதுவிட்டு மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நேரே என் கடைக்கு வந்தான். வந்தவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "மாமா, ஒரு மஷூரா வேண்டும்" என்றான்.

விஷயம் இதுதான். அவனை எட்டுப் பேருக்கு மேனேஜராக ஆக்குகிறார்களாம். மாதம் ஆயிரத்தைந்நூறு வெள்ளி கூடுதல். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இதற்கென்ன மஷூரா? அல்லாஹ் கொடுக்கிற றிஜ்கைக் காலால் தள்ளுவாயா? பிஸ்மி சொல்லி ஏற்றுக்கொள்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மஷூரா கேட்க வந்தவனிடம் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் பதில் சொல்லி அனுப்பினேனே என்ற நினைவு எனக்கு அப்போது வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூடுதல் என்ற சொல் ஒன்றுதான் காதில் விழுகிறது போலும்.

மறுநாள் காலை லாத்தா போன் செய்தார்கள். "தம்பி, நீ ஏற்றுக்கொள்ளச் சொன்னாயாமே! அவன் வீட்டில்தான் இருக்கிறான், ஆனால் வீட்டில் இல்லை. அந்தப் பெண் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பெருநாளைக்கு எடுத்த துணிமணி பீரோவிலேயே கிடக்கிறது. யாருக்காக உடுத்துவது என்கிறாள்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தொழிலைப் பற்றி அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

நம்மில் பலர், ஏ.சி. அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு என்ன கஷ்டம் என்று நினைக்கிறோம். அவன் சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். அவன் கம்பெனிக்கு வாடிக்கைக்காரர்கள் அமெரிக்காவில், கலிபோர்னியா பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் காலை ஒன்பது மணிக்கு ஆபீசில் வந்து உட்காரும்போது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி. அவர்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டால் கடிகாரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அப்போது நமக்கு இரவு ஒரு மணி. அந்த நேரத்தில் இவன் லேப்டாப்பைத் திறந்து அவர்களோடு பேசியாக வேண்டும். அது போக, முறை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் உண்டு. அந்த வாரத்தில் இரவு எந்நேரம் யந்திரம் பழுதானாலும் போன் அலறும், எழுந்து சரி செய்ய வேண்டும். இதெல்லாம் இப்போதே இருக்கிறது. மேனேஜர் ஆகிவிட்டால் நள்ளிரவுப் பேச்சு வாரத்தில் ஐந்து நாளும் உண்டு என்றான்.

இன்னொன்றும் சொன்னான். அது எனக்குப் புதிதாக இருந்தது. அந்தத் தொழிலில் பல கம்பெனிகளில் மேலே போக இரண்டு ஏணி வைத்திருக்கிறார்களாம். ஒன்று ஆட்களை நடத்தும் ஏணி. மற்றது வேலையில் கைதேர்ந்தவனாகவே மேலே போகும் ஏணி. நம் ஜவுளிக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள்: சரக்கைத் தொட்டவுடன் நூலும் சாயமும் சொல்கிற ஒருவர் இருப்பார், அவரைக் கொண்டு போய்க் கணக்கிலும் ஆள் மேய்ப்பதிலும் போட்டால் கடையும் கெடும், அவரும் கெடுவார். ஆனால் நாமோ பையன் மேனேஜர் ஆகவில்லை என்றால் அவன் வளரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெண் பேசப் போகிற இடத்தில் கூட, என்ன சம்பளம், கீழே எத்தனை பேர் என்றுதானே கேட்கிறோம்? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான் என்று கேட்ட பெண் வீட்டாரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சகோதரர்களே! இரவை நமக்கு ஆடையைப் போல ஆக்கி, பகலைப் பிழைப்புக்கு உரியதாக ஆக்கியிருப்பதாக ஸூரத்துந் நபஃவில் அல்லாஹுதஆலா சொல்லிக் காட்டுகிறான். இதை ஓதிவிட்டு, இரவு வேலை கூடாது என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வதற்கில்லை. ஸூரத்துர் ரூமில், நாம் இரவிலும் பகலிலும் உறங்குவதையும் அவனுடைய அருளைத் தேடுவதையும் அவன் தன் அத்தாட்சிகளில் சேர்த்துச் சொல்கிறான். ஆஸ்பத்திரியில் இரவு விழிக்கும் நர்சும் காவல்காரரும் இல்லாவிட்டால் ஊர் நடக்குமா? ஆகவே இரவில் உழைப்பது குற்றமல்ல. அந்த உழைப்பு யாருடைய பங்கை எடுத்துக்கொண்டு நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஸல்மான் பார்ஸி ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவத்தை நினைவுகூர வேண்டும். புகாரி ஷரீபில் வருவது; நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் ஸல்மான் அவர்களையும் அபூதர்தா அவர்களையும் சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். ஒரு நாள் ஸல்மான் அவர்கள் தம் சகோதரர் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் கண்ணில் முதலில் பட்டது எது? அந்த வீட்டு அம்மையார் அழகு ஏதும் பாராமல் பழைய உடையில் இருந்ததுதான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் ஒரு தேவையும் இல்லையே என்றார்கள் அந்த அம்மையார். பிறகு அபூதர்தா அவர்கள் வந்து உணவு வைத்து, தாம் நோன்பு என்றார்கள். நீர் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிச் சாப்பிட வைத்தார்கள் ஸல்மான். இரவில் தொழ எழுந்தபோது படுக்கச் சொன்னார்கள். மறுபடியும் எழுந்தபோது மறுபடியும் படுக்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். ரப்புக்கு உம்மீது ஹக்கு உண்டு, உம் உடலுக்கு உண்டு, உம் வீட்டாருக்கு உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடும் என்று அப்போது சொன்னார்கள். இது நபிகள் நாயகம் அவர்களின் சமூகத்துக்குப் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று முடிவாயிற்று.

இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் லாத்தா பீரோவில் கிடக்கும் துணியைப் பற்றிச் சொன்ன அன்றுதான் எனக்கு அந்தப் பழைய உடை கண்ணில் பட்டது. அபூதர்தா அவர்கள் வீட்டாரை மறந்தது பணத்துக்காகவா? உத்தியோகத்துக்காகவா? இரவு வணக்கத்துக்காகவும் நோன்புக்காகவும் அல்லவா! அல்லாஹ்வுக்காகச் செய்கிற உபரி வணக்கமே மனைவியின் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாதென்றால், கலிபோர்னியாக்காரனின் கணக்கு அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளலாமா?

என் வாப்பாவின் கதையையும் சொல்லாமல் தீராது. அவர்கள் சபராளி. 1976-ஆம் வருஷம் லாத்தாவைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் சிதம்பரம் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார்கள். 1985-இல் அந்தக் கப்பல் தீவிபத்தோடு ஓட்டத்தை நிறுத்திய பிறகு விமானம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார்கள். விவரம் தெரிந்து நான் அவர்களை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாலு வயது. வாசலில் பெட்டியோடு நின்றவரைக் கண்டு உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேனாம். வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசிக் காலத்தில் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கடலும் பாஸ்போர்ட்டும் வறுமையும் குறுக்கே நின்றன. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிரிவில்தான் நாங்கள் வளர்ந்தோம், இந்த சங்கத்தில் பாதிப் பேர் வளர்ந்தது அப்படித்தான். ஆனால் மருமகனுக்குக் குறுக்கே கடல் ஏதும் இல்லை. மனைவி அடுத்த அறையில் இருக்கிறாள். நடுவில் ஒரு கதவும் காதில் மாட்டிய ஒரு கருவியும்தான். அங்கே இருந்துகொண்டே சபராளியாக இருப்பது நம் காலத்தில் வந்த புதுமை.

ஜும்ஆ பற்றிக் கேட்டேன். சைபர்ஜெயாவில் ராஜா ஹாஜி ஃபிசபிலில்லாஹ் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே தவறாமல் போகிறான், கம்பெனியும் தடை சொல்வதில்லை. "ஆனால் மாமா, முறை வாரத்தில் குத்பா நடக்கும்போது பையில் போன் அதிருமோ என்றே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை எழுந்து வெளியே போனேன்" என்றான். உண்மையை மறைக்காமல் சொன்னானே என்று சந்தோஷப்பட்டேன்.

ஸூரத்துல் ஜுமுஆவின் கடைசி மூன்று ஆயத்துகள் வியாபாரிகளாகிய நமக்கென்றே இறங்கியவை போல இருக்கும். தொழுகைக்கு அழைத்தால் வியாபாரத்தை விடுங்கள்; தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள். இந்த இரண்டையும் நாம் மேடையில் சொல்வோம். மூன்றாவதை அதிகம் சொல்வதில்லை. நபிகள் நாயகம் அவர்கள் ஜும்ஆவில் இருக்கும்போது உணவுப் பொருள் ஏற்றிய ஒட்டகக் கூட்டம் ஒன்று மதீனாவுக்குள் வந்தது. கேட்டவர்கள் எழுந்து ஓடினார்கள். பன்னிரண்டு பேர்தாம் எஞ்சினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நாயகம் அவர்களை நின்ற நிலையில் விட்டுப் போனார்கள். ஓடியவர்கள் யார்? கெட்டவர்களா? இல்லை. வந்த சரக்கு ஹறாமா? இல்லை, தானியம். விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகத்தான் ஓடினார்கள். ஹலாலான சரக்குதான் அவர்களை இழுத்தது. ஹறாமானது வந்தால் நாம் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்கிறோம். ஹலாலான கூட்டம் மேளம் கொட்டிக்கொண்டு வரும்போதுதான் கால் தானாக எழுந்துவிடுகிறது. அன்று அது எப்போதோ ஒரு நாள் வந்தது. இன்று எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது.

சரி, உயர்வைத் தேடுவதே தவறா? அதுவும் இல்லை. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து, அன்ஸாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது வாங்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றே முன்னுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் மேலே குங்குமப்பூவின் அடையாளத்தோடு நபிகள் நாயகம் அவர்கள் முன் வந்து, கலியாணம் செய்துகொண்டதாகச் சொன்னார்கள். சந்தையும் வீடும் அவர்களுக்குச் சேர்ந்தே வளர்ந்தன.

பதவி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதிகாரத்தை நீராகக் கேட்க வேண்டாம், கேட்டுப் பெற்றால் அதனிடமே விடப்படுவீர், கேளாமல் வந்தால் உதவி கிடைக்கும் என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுறா அவர்களுக்கு நபிகள் நாயகம் அவர்கள் புத்தி சொன்னார்கள். ஆனால் யூஸுப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மிஸ்ரு தேசத்தின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி அரசனிடம் தாமே கேட்டார்கள் என்று குர்ஆனில் இருக்கிறதே? சிறு வயதில் இதை உஸ்தாதிடம் கேட்டு ஒரு பிரம்படி வாங்கினேன். பிறகு விளக்கமும் வாங்கினேன். யூஸுப் நபி தமக்கு அந்த வேலை தெரியும், தாம் காப்பாற்றுவார் என்ற இரண்டையும் சொல்லித்தான் கேட்டார்கள். வரப்போகிற பஞ்சத்தில் ஜனங்கள் பிழைக்க வேண்டும் என்று கேட்டார்கள். நாற்காலிக்காகக் கேட்பது வேறு, சுமை தெரிந்து தோள் கொடுப்பது வேறு என்றார்கள் உஸ்தாது. பொறுப்பு ஓர் அமானிதம், அதன் ஹக்கை நிறைவேற்றாதவனுக்கு மறுமையில் கைசேதம் என்று அபூதர் அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் உண்டு.

இதை மருமகனிடம் சொல்லி, "உனக்குக் கீழே எட்டுப் பேர் என்றால் எட்டு வீடு வாப்பா. நீ நள்ளிரவுக்குக் கூட்டம் வைத்தால் எட்டு வீட்டில் விளக்கெரியும். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்" என்றேன். ஏதோ பெரிய ஆலிமைப் போலச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "மாமா, கோபிக்காதீர்கள். உங்கள் கடைப் பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான்?"

நான் பதில் சொல்லவில்லை. கணக்கை அவனே போட்டான். கடை காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்குச் சாத்துவது, பதின்மூன்று மணி. சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் இரண்டு மணி கழித்தால் பதினொன்று. வாரத்தில் ஏழு நாளும் என்றால் எழுபத்தேழு. "நான் அறுபதுதான் மாமா" என்றான். அந்தப் பையன் இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்தவர். ஊரில் அவருக்கும் ஒரு குழந்தை உண்டு. அவரும் ஒரு சபராளி. எனக்குக் கீழே இருக்கிற சபராளி. இந்தக் கணக்கை இங்கே எழுதுவது எனக்கு வெட்கம்தான். ஆனால் எழுதாமல் ஹதீஸை மட்டும் எழுதினால் அது வியாபாரம் ஆகிவிடும்.

உங்கள் கையின் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களால் முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற நபிமொழி எனக்கு மனப்பாடம். அரபியில் மனப்பாடம். நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2022-ஆம் வருஷத்துத் தொழில் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தபோது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு முன்பே உண்டு. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு மிகை நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி கொடுத்தாக வேண்டும். மருமகனைப் போல அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கூலி கட்டாயமில்லை. பிள்ளை பிறந்தால் தாய்க்கு 98 நாள் விடுப்பு. தகப்பனுக்கு 7 நாள். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பம் செய்யவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நம் கடைச் சிப்பந்திகளுக்கும் இது பொருந்தும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எனக்கே மருமகன் சொல்லித்தான் தெரியும்.

இரண்டு மாதமாகக் கடை காலை பத்துக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்துகிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கதவை இறக்கி, ஜும்ஆ முடிந்த பிறகே திறக்கிறோம். சிப்பந்திகள் இருவருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு, முறை வைத்து. 45 மணிக்கு மேற்பட்டதைத் தனி நோட்டில் எழுதி ஒன்றரைப் பங்காகக் கொடுக்கிறேன். பரக்கத்து கொட்டுகிறது என்று பொய் சொல்லமாட்டேன். இரவு பத்து மணிக் கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விட்டது; கையில் நிற்கிற லாபம் குறைந்துதான் இருக்கிறது. முதல் ஓய்வு நாளில் அந்தப் பையன் லுஹர் வரை தூங்கினாராம். பிறகு வீடியோ போனில் மகனோடு ஒரு மணி நேரம் பேசினாராம். மகன் என்ன பேசினான் என்று கேட்டேன். "ஒன்றும் பேசவில்லை முதலாளி, போனுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து விளையாடினான்" என்றார்.

மருமகன் தன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். நள்ளிரவுப் பேச்சு வாரத்தில் இரண்டு நாள் என்றால் எட்டுப் பேரின் பொறுப்பை ஏற்கிறேன். ஐந்து நாளும் வேண்டுமென்றால் மற்ற ஏணியிலேயே போகிறேன், கூடுதல் சம்பளம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறான். ஜும்ஆ நேரத்துக்கு முறை மாற்றிக்கொள்ளச் சீன நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டாராம். சீனப் புத்தாண்டுக்கு இவன் அவருக்காக நிற்பான். இதை எழுதும் இன்றைக்கு அறுபது நாளில் முப்பத்தெட்டு நாள்தான் கழிந்திருக்கிறது. பதில் வரவில்லை. லாத்தா தினம் துஆ செய்கிறார்கள். எந்தப் பதிலுக்காக என்று நான் கேட்கவில்லை.

சிப்பந்திகளின் ஓய்வு நாளைப் பற்றியும், வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நம் தெருவில் எல்லாரும் சேர்ந்து கடை சாத்துவதைப் பற்றியும் வரும் பொதுக்கூட்டத்தில் எடுத்துப் பேசும்படி காரியதரிசி அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவன் மட்டும் சாத்தினால் எதிர்க் கடை நிறைகிறது என்பதை மேலே சொன்னேன். எதிர்க் கடைக்காரரும் நம் சங்கத்து அங்கத்தினர்தான். அவர் அன்று அவசியம் வரவேண்டும்.

வஸ்ஸலாம்.